டிசம்பர் 24 மாலை நம் மண்டபம் ஏன் பூட்டியிருக்க வேண்டும்?



அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, நோர்வேயில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாள். அன்று ஆராதனை முடிந்து தேநீர் குடித்தபின் வழக்கம்போல கிறிஸ்மஸ் ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது. நாடகத்தில் யார் யோசேப்பு, வாலிபர் பாட்டுக்கு எந்த நிறத்தில் உடை, 25-ஆம் தேதி மதிய உணவுக்கு எத்தனை கிலோ கோழி என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். "24-ஆம் தேதி மாலையும் மண்டபத்தைத் திறந்து வைக்கலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அன்றைக்கு யார் வருவார்கள்?" என்றார். இன்னொருவர், "அது குடும்பத்தோடு இருக்கிற நாளல்லவா?" என்றார். வெளியே அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஜெபித்து முடித்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் என் பக்கத்து நியாயத்தை எழுதிக் கொடுக்கும்படி பத்திரிகைக் குழு கேட்டுக்கொண்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் பிரசங்கி இல்லை, நர்ஸ். நர்ஸ் பேசுகிற மாதிரியே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலெல்லாம் வெளிச்சம்

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு டிசம்பர் 24 எப்படிப்பட்ட நாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று உங்களில் பலர் யோசித்திருக்க மாட்டீர்கள்.

நான் திருமணமாகி பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தது ஓர் அக்டோபரில். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை முடிந்திருந்த வாரம். முன்னொரு காலத்தில் பிள்ளைகள் வயலில் உருளைக்கிழங்கு பொறுக்க உதவும்படி விட்ட விடுமுறை அது, அதனால் அதற்கு உருளைக்கிழங்கு விடுமுறை என்றே பெயர் இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "சொர்க்கத்திலேயா இருக்கே?" என்று அம்மா கேட்டாள். மூன்று வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. நவம்பர் வந்தது. அதற்குப்பின் நான் படம் எதுவும் அனுப்பவில்லை.

டிசம்பர் தொடங்கியதும் மனது கொஞ்சம் தேறியது. வருகையின் முதல் ஞாயிறு முதல் வீட்டுக்கு வீடு ஜன்னலில் நட்சத்திர விளக்கு. ஊதா நிற மெழுகுவர்த்தி நான்கு வைத்து வாரத்துக்கொன்றாக ஏற்றுகிறார்கள். 13-ஆம் தேதி லூசியா நாளில் சின்னப் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, கையில் விளக்கோடு பாடிக்கொண்டு வருவதும், குங்குமப்பூ போட்ட ரொட்டி கொடுப்பதும் பார்க்க அத்தனை அழகு. இத்தனை நாள் இப்படி ஒளியேற்றுகிற ஊர், 24-ஆம் தேதி இரவு எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்துவைத்திருந்தேன். எங்கள் ஊரில் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள். கரோல் வண்டி, வெடி, தையல்காரர் கடை வாசலில் கூட்டம், விடிவதற்கு முன்பே ஆராதனைக்கு மணி.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு நானும் கணவரும் நல்ல உடை உடுத்தி வெளியே போனோம். தெருவில் ஒருவரும் இல்லை. நான்கு மணியோடு கடைகள் சட்டப்படியே மூடிவிட வேண்டிய நாள் அது என்று எங்களுக்குத் தெரியாது. ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் அடித்துப் பண்டிகையைத் தொடங்கி வைத்த பிறகு நோர்வேக்காரர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பதும் தெரியாது. டிராம் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். ஜன்னலெல்லாம் வெளிச்சம், கதவெல்லாம் பூட்டு. திரும்பி வந்து ரவை உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். அன்று இரண்டு பேராக இருந்ததால் அது இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாகிவிட்டது. தனி ஆளாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேனா என்று தெரியவில்லை.

பூட்டிய கதவு அவர்களுடையது மட்டுமா?

நோர்வேக்காரரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வருடமெல்லாம் ஆளுக்கொரு திசையில் ஓடுகிற குடும்பம் ஒரே மேஜையில் உட்காரும் மாலை அது. கிழக்கே பன்றியின் விலாக் கறி, மேற்கே உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா, பிறகு பரிசுப் பொதிகள். அதை நான் மதிக்கிறேன். அதோடு, அன்று மாலை தனியாக இருப்பவர்களுக்காகக் கதவைத் திறப்பவர்களும் அவர்களிலேயே உண்டு. நகரத் திருச்சபை ஊழியமான 'ஷிர்க்கென்ஸ் பீமிஷூன்', இரட்சணிய சேனை போன்றவற்றின் தொண்டர்கள் தங்கள் வீட்டு மேஜையை விட்டுவிட்டு வந்து பிறருக்குப் பரிமாறுகிறார்கள்.

என் கேள்வி நம்மைப் பற்றியது. நாம் இந்த நாட்டில் எத்தனையோ நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொண்டோம். காலணியை வெளியே கழற்றுவது நமக்கு முன்பே தெரியும், நேரத்துக்கு வருவதை இங்கே கற்றோம். அதோடு சேர்த்து 24-ஆம் தேதி கதவைச் சாத்துவதையும் கற்றுக்கொண்டோம். நம் பிள்ளைகளும் அன்றைக்குத்தான் பரிசு பிரிக்கிறார்கள். நாம் அன்று பிற்பகல் பாட்டுப் பயிற்சியை முடித்து, மண்டபத்தைப் பூட்டி, 25 காலை திறக்கிறோம். இடையில் பதினாறு, பதினேழு மணி நேரம். அதுதான் இந்த நாட்டில் வருடத்திலேயே தனிமை மிகுந்த நேரம். நாம் "பிறந்தார், பிறந்தார்" என்று பாடப் போகிற மண்டபம் அந்த நேரத்தில் இருட்டாகக் கிடக்கிறது.

இருட்டு உடம்புக்குள் என்ன செய்கிறது

இனி நர்ஸ் பேசுகிறேன். எங்கள் ஊரில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. ஒஸ்லோவில் ஜூன் மாதம் ஏறக்குறைய 19 மணி நேரம் இருக்கும் பகல், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. காலை 9.15-க்குப் பிறகு உதிக்கும் சூரியன் மாலை மூன்றேகாலுக்கு முன் போய்விடும். காலையில் வேலைக்கோ கல்லூரிக்கோ போனால் இருட்டு, திரும்பினால் இருட்டு. வடக்கே துரொம்ஸோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்புவதே இல்லை.

கண்ணுக்குள் போகும் காலை வெளிச்சம்தான் நம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. அது குறைந்தால் தூக்கம் தருகிற மெலட்டோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகும். எவ்வளவு தூங்கினாலும் போதாது, இனிப்பும் சோறுமாகக் கேட்கும், எடை கூடும், ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது. 1984-இல் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர் கொடுத்து விவரித்தார்கள். இது நோய். இதற்கு வெளிச்ச விளக்குச் சிகிச்சை உண்டு, பேச்சுச் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்வதற்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விட்டமின் டி வேறு கதை. இந்த அகலாங்கில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் மிகச் சாய்ந்து விழுவதால் தோல் அதைத் தயாரிப்பதே இல்லை என்று சொல்லலாம். நம்முடையதைப் போன்ற கறுத்த தோலுக்கு மீதி மாதங்களிலும் வெளுத்த தோலைவிட அதிக வெயில் தேவை. இலங்கையில் வாழ்பவர்களையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இங்கே இருப்பவர்களின் அளவு தெளிவாகக் குறைவு என்று அது காட்டியது. ஆகவே பெயரில் 'ர்' வருகிற மாதங்களில், அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தினமும் ஒரு தேக்கரண்டி மீன் எண்ணெய் குடிக்கச் சொல்கிற நோர்வேப் பாட்டிகளைக் கேலி செய்யாதீர்கள். அந்த ஒரு கரண்டியில் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கப்படும் 10 மைக்ரோகிராம் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன்? நவம்பரில் ஒரு பிள்ளை ஆராதனைக்கு வராமல் போனால் நாம் உடனே, "அவனுக்கு விசுவாசம் குளிர்ந்துவிட்டது" என்கிறோம். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். பல சமயம் குளிர்ந்துபோனது அவன் அறை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் அவனை முதலில் கண்டித்தாரா? 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பாடு கொடுத்தார். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். நர்ஸாக நான் அறிந்த நல்ல பராமரிப்பின் வரிசையும் அதுவே.

இந்த நாட்டிலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ரியூக்கான் என்ற ஊர் செங்குத்தான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை மலை மறைப்பதால் ஊருக்குள் வெயிலே விழாது. அங்கே தொழிற்சாலை நடத்திய நிறுவனம் 1928-இல் ஒரு கம்பிவழி வண்டி அமைத்துக் கொடுத்தது. குளிர்காலத்தில் மக்கள் மலைக்கு மேலே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. பிறகு 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தினார்கள். அவை சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை இறக்குகின்றன. இருட்டில் இருப்பவனை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போனார்கள், பிறகு வெளிச்சத்தையே அவன் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இருட்டைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நான் எடுக்காத அழைப்பு

இதை எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. சம்பந்தப்பட்ட தம்பி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மேற்படிப்புக்காக வந்த ஒரு தம்பி செப்டம்பரிலிருந்து நம் சபைக்கு வந்துகொண்டிருந்தான். வாலிபர் கூடுகையில் நன்றாகப் பேசுவான். பாத்திரம் கழுவ முதலில் எழும்புவான். நவம்பர் நடுவில் நின்றுவிட்டான். பரீட்சை நேரம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இதே அறிகுறிகளை வேலையில் ஒரு நோயாளியிடம் பார்த்திருந்தால் அன்றே குறிப்பேட்டில் எழுதியிருப்பேன்.

24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. நான் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்திருந்தது. பிள்ளைகள் பரிசைப் பிரிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, "கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள் தம்பி, நாளைக்குச் சபையில் பார்க்கலாம்" என்று செய்தி அனுப்பினேன். கிறிஸ்மஸ் மரம் ஒன்றின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் அவன் வரவில்லை. 28-ஆம் தேதி நானும் கணவரும் அவன் அறைக்குப் போனோம். கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த மாணவர் விடுதியில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான்கு நாளாக யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்றான். "எதுக்கு தம்பி போன் பண்ணே?" என்று கேட்டேன். "சும்மாதான் அக்கா. பிரியாணிக்கு எத்தனை விசில் வைக்கணும்னு கேட்கலாம்னு" என்றான். அவனிடம் குக்கரே இல்லை.

அவன் நன்றாக இருக்கிறான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மருத்துவரிடம் போனான், படிப்பை முடித்தான், இப்போது வேறு நகரத்தில் வேலை. ஆனால் வேறு மாதிரி முடிந்திருக்கவும் கூடும் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். அன்று என் எண்ணெய் காய்ந்துவிடும் என்று நான் போனை எடுக்கவில்லை. நம்மில் ஒவ்வொருவர் வீட்டிலும் அன்று மாலை எண்ணெய் காய்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் இதைத் தனி ஆளின் நல்ல மனதை நம்பி விடக்கூடாது, சபையே ஓர் இடத்தையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

எனக்குச் சொல்லப்பட்ட மறுப்புகள்

"அது குடும்பத்தோடு இருக்கிற நாள்." ஆம். யாரும் மாலை முழுவதும் மண்டபத்தில் இருக்கத் தேவையில்லை. மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி வரை திறந்திருக்கட்டும். ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் வந்து இருந்தால் போதும். பரிசைப் பிரித்துவிட்டு வரலாம், வந்துவிட்டுப் போய்ப் பிரிக்கலாம். நம் பிள்ளைகள் பொதியைப் பிரிக்க ஒரு மணி நேரம் காத்திருந்தால் அவர்களுக்குச் சேதம் ஒன்றும் வராது.

"கடைசியில் பெண்கள்தான் சமைக்க வேண்டிவரும்." இதுதான் என்னைப் பொறுத்தவரை நியாயமான மறுப்பு. 25-ஆம் தேதிச் சமையலிலேயே நம் அம்மாமார் களைத்துப்போகிறார்கள். ஆகவே 24-ஆம் தேதிக்கு ஒரே ஒரு பானை. கஞ்சியோ, சாம்பார் சாதமோ, நோர்வேப் பால்சாதக் கஞ்சியோ எதுவானாலும் சரி. சமைப்பது வாலிபரும் அண்ணன்மாரும் மட்டும் என்று எழுதி ஒட்டிவிடுவோம். இந்த நாட்டில் ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு 'டூக்னாட்' என்று பெயர் வைத்து, வசந்தத்தில் குடியிருப்பு முற்றத்தைப் பெருக்கப் போகிறோமே, அதே கைகள் ஒரு பானையையும் கிண்டலாம்.

"நோர்வேச் சபைகள் செய்கின்றனவே, அங்கே போகட்டும்." போகலாம், நல்ல இடம். ஆனால் வந்து மூன்று மாதமே ஆன ஒருவருக்கு, மொழி தெரியாத கூட்டத்தில் தட்டேந்தி நிற்பதைவிட அறையில் பட்டினி கிடப்பதே மேல் என்று தோன்றும். நம் ஆட்களின் ரோசம் நமக்குத் தெரியாதா?

"யார் வருவார்கள்?" முதல் வருடம் மூன்று பேர் வரலாம். யாருமே வராமல் நாம் ஐந்து பேர் கஞ்சி குடித்துவிட்டுப் போகவும் நேரலாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் 24 மாலை வேலையை நான் எடுத்துக்கொள்வேன். ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் சோல்வ்குத்தேனே சிறுவர் குழு பாடத் தொடங்கும்போது எல்லாரையும் மேஜைக்கு அழைத்து வருவோம். ஒரு வருடம் வந்து உட்கார்ந்தவர்கள் நான்கே பேர். ஒரு பாட்டியின் பிள்ளைகள் இரண்டு மணிக்கு வந்து நான்கு மணிக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர் மறுபடியும் தலை வாரிவிடச் சொல்லிக் கேட்டார், மேஜைக்கு வர வேண்டும் என்று. நான்கு பேருக்காக நாங்கள் மேஜை விரிப்பைச் சுருக்கவில்லை.

"எங்களுக்கு ஆர் கதவு திறந்தவை?" இப்படிக் கேட்டவர், நாம் எல்லாரும் மதிக்கும் ஒரு மாமா. எண்பதுகளில் வந்தவர். "பிள்ளை, நாங்கள் வந்த காலத்தில ஃபின்மார்க்கில மீன் தொழிற்சாலையில வேலை. சூரியனையே காணேல்ல. ஒரு மண்டபமும் எங்களுக்குத் திறந்திருக்கேல்ல. சமாளிச்சனாங்கள்தானே?" என்றார். நான், "அந்த முதல் கிறிஸ்மஸுக்கு என்ன மாமா செய்தீங்க?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. எட்டுப் பேர் ஒரே வீட்டில் இருந்தார்களாம். தொழிற்சாலையில் கொடுத்த மீனில் குழம்பு வைத்து, ஒருவர் ஜெபிக்க, கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் கூட உட்கார்ந்து, விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்களாம். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது ஒரு வீடு பிள்ளை. எட்டுப் பேரும் ஒரு வீட்டில இருந்தபடியால் மண்டபம் தேவைப்படேல்ல" என்றார். இன்றைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு போனோடு இருக்கிறார்கள். மாமாவுக்கு இருந்த அந்த வீடு அவர்களுக்கு இல்லை. அதைத்தான் நான் கேட்கிறேன்.

நாம் யாருடைய பிள்ளைகள்

நம் தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளின் தொடக்கமே இந்த வடநாட்டோடு சேர்ந்தது என்பதை நீங்கள் ஞாயிறு பாடசாலையில் படித்திருப்பீர்கள். தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை அனுப்பிய அரசர் நான்காம் பிரெடெரிக், அப்போது டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் ஒருங்கே அரசர். அவர் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் வாலிபர் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கிருந்த டேனிஷ் அதிகாரி அவர்களை வரவேற்கவில்லை. அரசரின் கடிதம் கையில் இருந்தும், தங்க இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கூட்டிப் போய் இடம் கொடுத்தார். சீகன்பால்க்குக்கு அப்போது 23 வயது. உங்களில் பலருக்கு இருக்கும் வயது. அந்தத் தெருவில் அவருக்கு ஒரு கதவு திறந்தது. அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது.

பெத்லகேமில் இடமில்லை என்ற கதையை நாம் வருடாவருடம் நாடகமாகப் போடுகிறோம். சத்திரக்காரனாக நடிக்க நம் பையன்களுக்குள் போட்டி, ஏனென்றால் கதவைப் படாரென்று சாத்தலாம். இந்த வருடம் அந்த நாடகத்தின் பயிற்சியை முடித்துவிட்டு நாமும் கதவைச் சாத்திக்கொண்டு போகத்தான் வேண்டுமா?

கதவைத் திறப்பது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கச் சபைகளிலிருந்து வந்தவர்களுக்கு அசனம் என்றால் தெரியும். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஆலய வளாகத்திலேயே ஊரையெல்லாம் உட்கார வைத்துப் போடுகிற சாப்பாடு. நீ எந்தச் சபை, காணிக்கை கொடுத்தாயா என்று இலைக்கு முன் யாரும் கேட்க மாட்டார்கள். விருந்து செய்தால் திரும்பக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு என்று ஆண்டவர் லூக்கா 14-இல் சொன்னதை எங்கள் ஊர்ப் பாட்டிகள் அண்டாவால் அறிக்கையிட்டார்கள். நான் கேட்பது ஒரு சின்ன அசனம்தான். பனிக்குள் நடக்கிற அசனம்.

இனி என்ன செய்யலாம்

24-ஆம் தேதி திடீரென்று கதவைத் திறந்தால் யாரும் வர மாட்டார்கள். நவம்பரிலேயே தொடங்க வேண்டும். வாலிபரே, இது உங்கள் வேலை. இந்த வருடம் புதிதாக வந்த மாணவர், நர்ஸ்மார், தனியாக இருக்கும் பெரியவர்கள், விவாகரத்தாகிப் பிள்ளைகள் மாறிமாறிப் போகும் வீட்டிலுள்ள அப்பா, அம்மா என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஆளுக்கு இரண்டு பெயர். வாரம் ஒருமுறை பேசுங்கள். செய்தி அனுப்பினால் போதாது, குரல் கேட்க வேண்டும். புதிதாக வந்தவருக்குக் கம்பளி உள்ளாடை எங்கே மலிவு என்று காட்டுங்கள். இருட்டில் வண்டிக்காரருக்குத் தெரியும்படி கோட்டில் மாட்டுகிற பிரதிபலிப்பான் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு பகலில் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்து அரை மணி நேரம் நடங்கள், வானம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று டிசம்பர் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

24 மாலை பேருந்துகள் வெகுவாகக் குறைந்துவிடும். கார் இருக்கிற ஐந்து குடும்பங்கள் ஆளுக்கொரு முறை போய்க் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டால் போதும்.

ஒருவர் பேச்சில் "இருந்து என்ன பயன்" என்ற தொனி கேட்டால் ஜெபிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே இருங்கள், நேராகக் கேளுங்கள். மனநல உதவித் தொலைபேசி 116 123 இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 113. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதால் பாரம் இறங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒரு மாலை, ஒரு பானை, சில மெழுகுவர்த்திகள், ஆறு மணி நேரம். நாடகமும் பாட்டும் கோழியும் 25-ஆம் தேதி வழக்கம்போல நடக்கட்டும். நானும் வருவேன், என் அச்சுமுறுக்கும் வரும்.

இந்த வருடம் 24-ஆம் தேதி எனக்கு இரவு வேலை, பத்து மணிக்குத் தொடக்கம். ஆகவே மூன்று மணி முதல் ஒன்பது மணி வரை நான் மண்டபத்தில் இருக்க முடியும். பிள்ளைகளும் கணவரும் வர ஒப்புக்கொண்டார்கள். மகன் மட்டும், "பரிசை மண்டபத்துக்கே கொண்டுவரலாமா?" என்று கேட்டான். கொண்டுவரலாம் என்றேன், ஆனால் அங்கே பொதி இல்லாத யாராவது இருப்பார்கள் என்றேன். யோசித்துவிட்டு, "அப்போ இன்னொன்னு கட்டணும்" என்றான்.

வருகையின் முதல் ஞாயிறன்று கூட்டம் இருக்கிறது. மறுப்பு இருந்தால் அங்கே சொல்லுங்கள், கேட்கிறேன். சம்மதம் என்றால், மண்டபத்துச் சாவி அன்று யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.